பெரிய கம்பெனிகளுக்கு அரசு குடுக்குற சலுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைக்கு மானியம், கம்பெனிக்கு வரி விலக்கு, உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகைன்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி ஆயிடுது. ஒரு பக்கம் "மக்கள் வரிப்பணத்த முதலாளிக்கு வாரிக் குடுக்குறாங்க", இன்னொரு பக்கம் "இதுகூட செய்யலன்னா தொழில் எப்படி வளரும்". நடுவுல நிக்கிறவங்க கேக்குறது வேற மாதிரி, நேரான சந்தேகங்கள். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்ததால கேட்டவங்க வார்த்தையிலயே எழுதி பதிலும் சேர்த்திருக்கேன். என் நிலைப்பாட்ட முதல்லயே சொல்லிடறேன்: சலுகையே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், கண்டிஷன் இல்லாத சலுகை கூடவே கூடாதுன்னு சொல்லுவேன்.

அரசு கம்பெனிக்கு காசு குடுக்குதுன்னா நெஜமாவே பணத்த எடுத்து கையில குடுக்குறாங்களா?

சில நேரம் ஆமா. அமெரிக்கா 2022 ஆகஸ்ட்ல கொண்டு வந்த சிப்ஸ் சட்டத்துல செமிகண்டக்டர் உற்பத்திக்கு மட்டும் 3,900 கோடி டாலர் ஒதுக்குனாங்க, அது நேரடி மானியம், அதுக்கு மேல முதலீட்டுல 25 சதவீதம் வரிக்கழிவு தனியா. ஆனா பெரும்பாலும் பணம் வேற வேற வேஷத்துல போகும்: வரி விலக்கு, சந்தை விலைக்கு கம்மியா நிலம், மின்சாரக் கட்டணத்துல சலுகை, வட்டி கம்மியான கடன், கடனுக்கு அரசு ஜாமீன், ஃபேக்டரி வாசல் வரைக்கும் அரசு செலவுல ரோடு, வெளிநாட்டு சரக்குக்கு இறக்குமதி வரி, அரசே "உன் பொருள நான் வாங்கிக்கறேன்"னு உத்தரவாதம்.

இந்தியாவோட பிஎல்ஐ (உற்பத்தியோட இணைச்ச ஊக்கத்தொகை) திட்டம் இன்னொரு மாதிரி. 2020ல ஆரம்பிச்சு 14 துறைக்கு விரிவாச்சு, மொத்த ஒதுக்கீடு சுமார் 1.97 லட்சம் கோடி ரூபாய். இதுல முன்கூட்டியே பணம் கெடையாது, கம்பெனி முதல்ல உற்பத்தி பண்ணி விக்கணும், அடிப்படை வருஷத்த விட எவ்ளோ கூட வித்தாங்களோ அதுல ஒரு சதவீதம் அப்பறமா வரும். சலுகை எந்த வடிவத்துல வருதுங்கறது சின்ன விஷயம் கெடையாது, கீழ வர்ற பல பதில்கள் இதுலதான் போய் நிக்குது.

வரி விலக்கு குடுத்தா அரசு கையிலேர்ந்து எதுவும் போகலையே, அத எப்படி செலவுன்னு சொல்றீங்க?

வீட்டு ஓனர் ஒரு குடித்தனக்காரருக்கு மட்டும் அஞ்சு வருஷம் வாடகை வேண்டாம்னு சொன்னா அவர் கையிலேர்ந்து காசு போகலதான், ஆனா வர வேண்டியது வரல, வீட்டு ரிப்பேர் செலவு மத்த குடித்தனக்காரங்க வாடகையிலேர்ந்துதான் போகும். அரசுக்கும் அதேதான். வராத வரிக்கு ஈடா ஒண்ணு மத்தவங்க கூட கட்டணும், இல்ல ஏதோ ஒரு செலவ கொறைக்கணும், இல்ல கடன் வாங்கணும்.

இத அரசுகளே ஒத்துக்கிட்டிருக்கு. இந்திய பட்ஜெட்ல 2006-07லேர்ந்தே வரிச்சலுகையால எவ்ளோ வருவாய் வரலங்கற அறிக்கை சேர்க்குறாங்க. அமெரிக்காவுல மாநில, உள்ளாட்சி அரசுகள் குடுக்குற வரி விலக்கு கணக்க வெளிய காட்டணும்னு அங்க இருக்கற அரசுக் கணக்கியல் வாரியம் 2015ல விதி போட்டுச்சு. அதுக்கு முன்னாடி பல ஊர்ல எவ்ளோ போச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஓட்டு போட்ட கவுன்சிலருக்கே தெரியாது. மானியம்னா பட்ஜெட்ல வந்து விவாதம் ஆகும், வரி விலக்கு அமைதியா வருஷா வருஷம் ஓடிக்கிட்டே இருக்கும், அதனாலதான் கம்பெனிகளுக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்.

அவங்ககிட்ட இல்லாத காசா? பெரிய கம்பெனிக்கு எதுக்கு உதவி?

நியாயமான கேள்வி, பல நேரம் உண்மையிலயே தேவை இருக்காது. ஆனா மூணு சூழ்நிலைல வாதம் நிக்கும்னு நெனைக்கறேன். ஒண்ணு, தொழில் புதுசு, கத்துக்கிட்டாதான் செலவு கொறையும், ஆனா கத்துக்கற வருஷங்கள்ல நஷ்டம்தான் வரும். அமெரிக்க நிதியமைச்சரா இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன் 1791லயே இங்கிலாந்து சரக்கோட போட்டி போட புதுத் தொழிலுக்கு ஆதரவு வேணும்னு அறிக்கை குடுத்தார், அப்பறம் ஜெர்மன்காரர் ஃபிரீட்ரிக் லிஸ்ட் அத ஒரு கோட்பாடாவே ஆக்குனார். ரெண்டாவது, ஒரு ஃபேக்டரியால வர்ற பயன் அந்த கம்பெனிக்குள்ளயே நிக்காது, அங்க வேல கத்துக்கிட்ட டெக்னீஷியன் வெளிய போய் வேற எடத்துல அந்த வித்தைய காட்டுவான், சுத்தி பார்ட்ஸ் போடறவங்க வளருவாங்க, இதுக்கெல்லாம் கம்பெனிக்கு யாரும் காசு தர மாட்டாங்க, அதனால அது தனியா கணக்கு போட்டா ஃபேக்டரிய போடாமலே விட்டுடலாம்.

மூணாவது, நெருக்கடி நேரத்துல கைவசம் இருக்கணும்ங்கற பொருள். கொரோனா காலத்துல சிப் கெடைக்காம கார் ஃபேக்டரிகள் லைன நிறுத்துனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்த மூணுலயும் வராத ஒரு சலுகைய யாராவது கேட்டா நான் சந்தேகமாத்தான் பாப்பேன்.

கொரியா செஞ்சுச்சு, தைவான் செஞ்சுச்சு, அப்ப எல்லா நாடும் செய்யலாமே?

எல்லாரும் இந்த உதாரணத்ததான் சொல்றாங்க, ஆனா பாதிய மட்டும் சொல்றாங்க. தென் கொரியா எஃகு ஆலை போடணும்னு நெனைச்சப்போ உலக வங்கி அது தேறாதுன்னுதான் பாத்துச்சு, கடன் வரல. ஜப்பான்கிட்டேர்ந்து 1965 உடன்படிக்கைல வந்த இழப்பீட்டுப் பணத்த எடுத்து போஹாங்ல போஸ்கோவ கட்டுனாங்க, கம்பெனி 1968ல தொடங்குச்சு, 1973ல எஃகு வந்துச்சு. அதே 1973ல பார்க் சுங்-ஹீ அரசு கனரகத் தொழில், ரசாயனத் தொழிலுக்குன்னு பெரிய திட்டம் அறிவிச்சுச்சு, கப்பல், கார், மெஷின்னு மலிவு வட்டிக் கடன் கொட்டுச்சு. இது வரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க.

சொல்லாம விடறது இது: அந்தக் கடனுக்கு பதிலா ஏற்றுமதி இலக்கு இருந்துச்சு. மாசா மாசம் ஏற்றுமதிக் கூட்டம், ஜனாதிபதியே உக்காந்து யார் எவ்ளோ ஏத்துமதி பண்ணாங்கன்னு பாப்பார், இலக்க எட்டாதவங்களுக்கு அடுத்த கடன் கஷ்டம். வெளிநாட்டு வாடிக்கையாளர ஏமாத்த முடியாது, பொருள் மட்டமா இருந்தா வாங்க மாட்டான், அதனால ஏற்றுமதிங்கறது அரசு அதிகாரிக்கு பதிலா சந்தையே வெக்கிற பரீட்சை. இதோட இன்னொரு பக்கமும் உண்டு, தொழிற்சங்கங்கள அடக்கி கூலிய அமுக்கி வெச்சு நடந்த வளர்ச்சி அது, கடன்ல ஊதிப்போன பெரிய குழுமங்கள் 1997 நெருக்கடில ஆட்டம் கண்டுச்சு, தேவூ உடைஞ்சே போச்சு. அந்த மாடல் வேணும்னு சொல்றவங்க இதையும் சேர்த்துதான் சொல்லணும்.

தைவான்ல சிப் தயாரிக்கற டிஎஸ்எம்சி கம்பெனி 1987ல ஆரம்பிச்சப்போ கிட்டத்தட்ட பாதிப் பங்கு அரசோடது, பிலிப்ஸ் கால் பங்குக்கு மேல போட்டுச்சு. மலேசியா 1983ல புரோட்டான் கார் கம்பெனிய தொடங்குச்சு, வெளிநாட்டு காருக்கு எக்கச்சக்க வரி போட்டு காப்பாத்துச்சு, ஆனா வெளிய வித்தே ஆகணும்ங்கற நெருக்கடி இல்ல. உள்ள இருக்கறவங்க வேற வழி இல்லாம வாங்கிக்கிட்டே இருந்தாங்க, 2017ல சீனாவோட கீலி கம்பெனி 49.9 சதவீதம் வாங்குற நெலமைக்கு வந்துச்சு. மூணு நாட்டுலயும் உதவி கெடைச்சுது, வித்தியாசம் உதவிக்கு பின்னாடி என்ன கேட்டாங்கங்கறதுல.

சரி, மானியமே வேண்டாம், இறக்குமதிக்கு வரி போட்டுடலாம். கஜானாவுக்கு காசு வேற வரும்ல?

கஜானாவுக்கு வரும், ஆனா யார் பாக்கெட்லேர்ந்து வருதுன்னு பாக்கணும். இதுக்கு என்கிட்ட இருக்கற நல்ல உதாரணம் வாஷிங் மெஷின். அமெரிக்கா 2018 ஜனவரில இறக்குமதி வாஷிங் மெஷினுக்கு 20லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும் வரி போட்டுச்சு. அமெரிக்க மத்திய வங்கி, சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து கடை விலைய ஆராய்ஞ்சாங்க. வாஷரோட விலை சுமார் 12 சதவீதம், அதாவது ஒரு மெஷினுக்கு 86 டாலர் ஏறிச்சு. இதுல ஒரு விசித்திரம், துணி காயவெக்கிற ட்ரையருக்கு வரியே போடல, ஆனா அதுவும் 92 டாலர் ஏறிச்சு. ஏன்னா அங்க ரெண்டையும் ஜோடியா வாங்குறது வழக்கம், ஒண்ணுல மட்டும் ஏத்துறதுக்கு பதிலா ரெண்டுலயும் பிரிச்சு ஏத்திட்டாங்க. வரி கட்டாத உள்நாட்டு கம்பெனியும் சேர்ந்து ஏத்துச்சு, போட்டிக்காரன் விலை ஏறிடுச்சே, நாம ஏன் பழைய விலைல விக்கணும்னு.

வேலை வந்துச்சா? வந்துச்சு, சுமார் 1,800 பேருக்கு. ஜனங்க வருஷத்துக்கு கூடுதலா குடுத்தது சுமார் 150 கோடி டாலர், அரசுக்கு வந்தது வெறும் 8 கோடி சொச்சம். கழிச்சு வகுத்துப் பாத்தா ஒரு வேலைக்கு வருஷத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல. அந்த வேலைல இருக்கறவருக்கு அதுல பத்துல ஒரு பங்கு சம்பளம் வந்தாலே பெருசு. மானியம்னா குறைஞ்சது எவ்ளோ போச்சுன்னு பட்ஜெட்ல தெரியும், இறக்குமதி வரில கடை பில்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்.

ஆயிரக்கணக்குல வேலை வரும்னு அறிவிக்குறாங்களே, அது வருதா?

சில எடத்துல வரும், சில எடத்துல அறிவிப்போட நின்னுடும். ரொம்ப பேசப்பட்டது அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துக் கதை. 2017ல ஃபாக்ஸ்கான் அந்த மாநிலத்துல 1,000 கோடி டாலர் போட்டு பெரிய டிஸ்ப்ளே ஃபேக்டரி கட்டும், 13,000 பேருக்கு வேலைன்னு வெள்ளை மாளிகைலயே அறிவிச்சாங்க. மாநிலம் 285 கோடி டாலர் வரைக்கும் வரிச்சலுகை தர ஒத்துக்கிச்சு, வகுத்தா ஒரு வேலைக்கு சுமார் 2.2 லட்சம் டாலர். மவுண்ட் பிளசன்ட்ங்கற ஊராட்சி நிலம் கையகப்படுத்தி, வீடுகள காலி பண்ண வெச்சு, ரோடு, தண்ணி லைன்னு கடன் வாங்கி செலவு பண்ணுச்சு. 2021ல ஒப்பந்தத்த திருத்துனாங்க: முதலீடு 67.2 கோடி டாலர், வேலை 1,454, சலுகை 8 கோடி டாலர்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மாநிலத்தோட பெரிய தொகை வேலை குடுத்தா மட்டும்தான்னு எழுதியிருந்ததால தப்பிச்சுது, இலக்கு வராத வருஷம் பணம் போகல. ஊராட்சி மாட்டிக்கிச்சு, ஏன்னா அது முன்னாடியே செலவு பண்ணிடுச்சு. காலி பண்ணிட்டு போன குடும்பங்களுக்கு அந்த வீடு திரும்ப வரவும் இல்ல. அறிவிப்பு எண்ணிக்கைய பேப்பர்ல பாத்தா மூணு விஷயம் தேடுங்க: எத்தன வருஷத்துல, நேரடி வேலையா இல்ல சுத்தி வர்ற டீக்கடை வரைக்கும் சேத்து சொல்ற மறைமுக வேலையா, நிரந்தரமா இல்ல கான்ட்ராக்டா. மூணுக்கும் பதில் இல்லாத எண்ணிக்கைய நான் எண்ணிக்கையாவே எடுத்துக்க மாட்டேன்.

நாம சலுகை குடுக்கலன்னா பக்கத்து மாநிலத்துக்கு போயிடுவாங்களே?

இந்த பயம்தான் கம்பெனியோட பெரிய ஆயுதம். அமேசான் 2017ல ரெண்டாவது தலைமையகம் எங்க வெக்கலாம்னு போட்டி மாதிரி அறிவிச்சப்போ 238 ஊர்லேர்ந்து விண்ணப்பம் வந்துச்சு. கடைசில தேர்ந்தெடுத்தது நியூயார்க்கும் வாஷிங்டன் பக்கத்துல ஆர்லிங்டனும், ரெண்டுமே ஆளு, விமான நிலையம், படிச்ச கூட்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கற எடம். நியூயார்க்ல சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு எதிர்ப்பு வந்ததும் 2019 பிப்ரவரில அந்த எடத்த கம்பெனி கைவிட்டுச்சு. மத்த 236 ஊர் தன் நிலம், ஆளு, திட்டம் பத்தின தகவலையெல்லாம் எடுத்து ஒரு தனியார் கம்பெனி கையில குடுத்ததுதான் மிச்சம்.

டிமோத்தி பார்ட்டிக்னு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளர் பல ஆய்வுகள சேர்த்துப் பாத்து சொன்னது, சலுகையால மட்டுமே முடிவு மாறுனது 100ல 2லேர்ந்து 25 கேஸ் வரைக்கும்தான், மத்தவங்க எப்படியும் வந்திருப்பாங்க. ஆளு திறமை, துறைமுகம், கரண்டு, வாடிக்கையாளர் எங்க இருக்கான், இதெல்லாம்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது, சலுகை மேல வர்ற லாபம்.

போட்டி எவ்ளோ அர்த்தமில்லாம போகும்னு பாக்கணும்னா கன்சாஸ் சிட்டிய பாருங்க, நகரத்து நடுவுல மாநில எல்லை ஓடுது. இந்தப் பக்கம் இருக்கற ஆபீஸ அந்தப் பக்கம் இழுக்க கன்சாசும் மிசௌரியும் வருஷக்கணக்கா வரிச்சலுகை குடுத்துச்சு, ஏஎம்சி தியேட்டர் கம்பெனி தலைமை ஆபீஸ் சில மைல் தள்ளி எல்லை தாண்டி போச்சு, ஊழியர்கள் பல பேர் அதே வீட்டுலேர்ந்துதான் வேலைக்குப் போனாங்க. 2019ல ரெண்டு மாநிலமும் இனிமே அந்தப் பகுதில ஒருத்தர் ஆபீஸ இன்னொருத்தர் இழுக்கக் கூடாதுன்னு சமாதானம் பண்ணிக்கிட்டாங்க. ஐரோப்பிய யூனியன்ல இதுக்குன்னே பொது விதி 1957 ரோம் ஒப்பந்தத்துலேர்ந்தே இருக்கு, உறுப்பு நாடு கம்பெனிக்கு பெருசா உதவி பண்ணணும்னா யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன்கிட்ட அனுமதி வாங்கணும்.

ஐயர்லாந்து அரசு ஆப்பிள்கிட்ட வரி வாங்க மாட்டேன்னு கோர்ட்டுக்கே போச்சாமே, அது எப்படி?

முந்தின பதில்ல சொன்ன விதியாலதான் அந்த கேஸ். ஐயர்லாந்து ஆப்பிளுக்கு மட்டும் தனிப்பட்ட வரி ஏற்பாடு பண்ணிக் குடுத்தது சட்டவிரோத உதவி, 1,300 கோடி யூரோவ திருப்பி வாங்குன்னு கமிஷன் 2016ல உத்தரவு போட்டுச்சு. ஐயர்லாந்து அரசு கம்பெனியோட சேர்ந்து எதிர்த்துச்சு, ஏன்னா குறைஞ்ச வரிங்கறதுதான் அந்த நாடு வெளிநாட்டு கம்பெனிகள இழுக்குற வழி, அந்தப் பேரு போயிடுமேன்னு பயம். 2020ல ஐரோப்பிய யூனியனோட கீழ் கோர்ட் கமிஷன் உத்தரவ ரத்து பண்ணுச்சு, 2024 செப்டம்பர்ல மேல் கோர்ட் கமிஷன் சொன்னதுதான் சரின்னு முடிச்சு வெச்சுது.

நஷ்டத்துல மூழ்குற கம்பெனிய அரசு ஏன் தூக்கி விடணும்? தொழில்னா ஜெயிக்கறதும் தோக்கறதும் சகஜம்தானே?

சகஜம்தான், ஆனா ஒரு கம்பெனி விழுந்தா அதோட சப்ளையர் வரிசையே விழும்னா கணக்கு மாறும். 2008-09ல ஜிஎம்முக்கு (ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி) அமெரிக்க அரசு சுமார் 4,950 கோடி டாலர் போட்டுச்சு, 2013 டிசம்பர்ல கடைசி பங்க வித்து வெளிய வந்தப்போ 1,000 கோடிக்கு மேல நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு எதிரா நிறுத்துப் பாக்க வேண்டியது, மந்தத்தோட உச்சத்துல அத்தன பார்ட்ஸ் கம்பெனியும் ஒரே நேரத்துல மூடியிருந்தா ஆகியிருக்கற சேதம். நான் அந்த முடிவு சரின்னுதான் நெனைக்கறேன், பழைய பங்குதாரர்கள் பணம் போச்சு, தலைமை அதிகாரி வெளிய போனார், திவால் நடைமுறை வழியாதான் புது ஜிஎம் வந்துச்சு, சும்மா காசு குடுத்து பழையபடியே ஓட விடல.

மாத்தி நடந்ததும் உண்டு. பிரிட்டிஷ் லேலண்ட 1975ல பிரிட்டன் அரசு எடுத்துக்கிட்டு பணத்த ஊத்திக்கிட்டே இருந்துச்சு, கார் தரமும் தேறல, சந்தையும் போச்சு, கைமாறி கைமாறி மிச்சம் இருந்த எம்ஜி ரோவர் 2005ல மூடுச்சு. தற்காலிக அடியா, உள்ளயே அழுகலான்னு பிரிச்சுப் பாக்காம தூக்கி விட்டா இப்படித்தான் ஆகும்.

லாபம் வந்தா அவங்களுக்கு, நஷ்டம் வந்தா நமக்கா?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுற கேள்வி. அமெரிக்க எரிசக்தித் துறை சொலிண்ட்ராங்கற சோலார் கம்பெனிக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்னுச்சு, 2011ல அது திவால், அரசியல்ல பெரிய ரகளை. அதே துறை 2010ல டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் குடுத்துச்சு, 2013 மே மாசமே ஒன்பது வருஷம் முன்னாடி அடைச்சுட்டாங்க. தோத்தத அரசு முழுசா சுமந்துச்சு, ஜெயிச்சதுல கெடைச்சது வட்டியோட நின்னுச்சு, டெஸ்லா பங்கு அப்பறம் ஏறுன ஏத்தத்துல பொதுமக்களுக்கு எதுவும் இல்ல. பத்து பேருக்கு குடுத்தா நாலு பேர் தோப்பாங்கங்கறது தெரிஞ்ச விஷயம், ஜெயிக்கற ஆறுலேர்ந்து பங்கு வந்தாதான் அந்த நாலுக்கு ஈடு கட்டும்.

முடியாதது இல்ல. 1979ல கிரைஸ்லர் கார் கம்பெனிக்கு 150 கோடி டாலர் வரைக்கும் கடன் ஜாமீன் குடுத்தப்போ, பின்னாடி குறிப்பிட்ட விலைல பங்கு வாங்குற உரிமைய அரசு எழுதி வாங்கிக்கிச்சு. கம்பெனி பொழைச்சு 1983ல கடன அடைச்சதும் அந்த உரிமைய விட்டுக் குடுங்கன்னு கேட்டுப் பாத்துச்சு, அரசு மறுத்து ஏலம் விட்டுச்சு, கடைசில கிரைஸ்லரே 31 கோடி டாலர் குடுத்து வாங்க வேண்டியதாச்சு. கொரோனா நேரத்துல ஜெர்மனி லுஃப்தான்சா விமான கம்பெனிக்கு 900 கோடி யூரோ தொகுப்பு அறிவிச்சப்போ 20 சதவீதம் பங்கு எடுத்துச்சு, 2022 செப்டம்பருக்குள்ள வித்து 76 கோடி யூரோ லாபம் பாத்துச்சு.

அப்ப எல்லா கம்பெனிலயும் அரசு பங்கு எடுத்துட வேண்டியதுதானே?

அங்க வேற சிக்கல் வரும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசு இன்டெலுக்கு குடுக்க வேண்டிய மானியத்த பங்கா மாத்தி 890 கோடி டாலருக்கு கிட்டத்தட்ட 10 சதவீதம் எடுத்துச்சு. மானியம் தர்றது, போட்டிச் சட்டம் பாக்குறது, பாதுகாப்புத் துறைக்கு சிப் வாங்குறது எல்லாம் அதே அரசு, இப்ப ஒரு கம்பெனில மட்டும் பங்குதாரர், மத்த சிப் கம்பெனிக்கு இது எப்படி இருக்கும்னு யோசிங்க. குடுக்கும்போதே எழுதி வெச்ச பங்கு உரிமை வேற, பாதில ஒப்பந்தத்த மாத்தி எடுக்குறது வேற. முதல்ல சொன்னத நான் ஆதரிப்பேன். பங்க நிர்வகிக்க அரசியல்வாதி கை படாத தனி நிதியம் இருக்கணும், எப்ப விப்போம்ங்கறதும் முன்னாடியே தெரியணும்.

சின்னக் கம்பெனிக்கு ஏன் இந்த சலுகை எல்லாம் எட்டுறதே இல்ல?

தகுதி வரம்பே பெருசா வெக்கிறாங்க, இவ்ளோ கோடி முதலீடு, இவ்ளோ விற்பனைன்னு. விண்ணப்பம் போட ஆடிட்டர், வக்கீல் கூட்டம் வேணும். ஒரு மந்திரிக்கும் நூறு சின்னப் பட்டறைய விட ஒரு பெரிய ஃபேக்டரி அடிக்கல்தான் படத்துக்கு நல்லாருக்கும். சின்னவங்களுக்கு மானியத்த விட உபயோகமானது பெரிய கம்பெனிகிட்டேர்ந்து பில்லு பணம் நாள் தவறாம வர்றது, பொதுவான டெஸ்டிங் லேப், ஐடிஐ மாதிரி பயிற்சி. இது எந்த ஒரு கம்பெனிக்கும் தனிச்சலுகை ஆகாது, அதனாலயே எனக்குப் பிடிக்கும்.

வெளிநாட்டு பார்ட்ஸ கொண்டு வந்து ஸ்க்ரூ முடுக்குறதுக்கு பேரு உற்பத்தியா? அதுக்கு எதுக்கு ஊக்கத்தொகை?

இந்தியாவுல செல்போன் பிஎல்ஐ பத்தி 2023ல நடந்த விவாதமே இதுதான், ரிசர்வ் வங்கி முன்னாள் கவர்னர் ரகுராம் ராஜன் இந்த சந்தேகத்த வெளிப்படையா எழுப்புனார், அரசுத் தரப்பு மறுத்துச்சு. ஊக்கத்தொகை விற்பனை மதிப்புல 4லேர்ந்து 6 சதவீதம். நாட்டுக்குள்ள சேர்க்குற மதிப்பு விற்பனைல பதினஞ்சு சதவீதம்தான்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கிட்டா, அந்த பதினஞ்சுக்கு ஆறு குடுக்குற மாதிரி ஆகுது, அப்ப அது ரொம்பப் பெரிய மானியம். அதனால விற்பனைய அளக்காம உள்ள சேர்ந்த மதிப்ப அளக்கணும்ங்கற வாதத்துல நியாயம் இருக்கு.

அதே சமயம் அசெம்பிளிய கேவலமா பேசுறதும் சரியில்ல. சீனாவும் அசெம்பிளிலதான் ஆரம்பிச்சுது, ஒரு லைன்ல லட்சக்கணக்குல போன் ஓடுனாதான் கேமரா மாட்யூல், பேட்டரி போடறவன் பக்கத்துல வர யோசிப்பான். கேள்வி அடுத்த படிக்கு போறாங்களாங்கறதுதான். இந்திய அரசு 2025 மார்ச்ல எலக்ட்ரானிக் உதிரிபாகங்களுக்குன்னு 22,919 கோடி ரூபாய்ல தனித் திட்டம் ஒப்புதல் குடுத்துச்சு, அசெம்பிளி மட்டும் போதாதுங்கறத அதுவே காட்டுது.

இதையெல்லாம் டபிள்யூடிஓ (உலக வர்த்தக அமைப்பு) தடுக்காதா?

விதி இருக்கு. ஏற்றுமதி பண்ணா மானியம், உள்நாட்டு பார்ட்ஸ் போட்டா மட்டும் மானியம்னு கட்டிப் போடுறது ரெண்டும் 1995லேர்ந்து தடை. மேல கொரியா பதில்ல சொன்ன ஏற்றுமதி இலக்க இன்னிக்கு அப்படியே எழுத முடியாததுக்கு இதுதான் காரணம். இந்தியாவோட ஏற்றுமதிச் சலுகைகள் விதிக்கு விரோதம்னு 2019 அக்டோபர்ல ஒரு குழு தீர்ப்பு சொல்லுச்சு, இந்தியா அப்பீல் போச்சு, ஆனா அந்த டிசம்பர்லேர்ந்து அப்பீல் அமைப்பே ஆளில்லாம முடங்கிக் கெடக்கு. போயிங், ஏர்பஸ் சண்டை 2004ல ஆரம்பிச்சு, ரெண்டு பக்கமும் தப்புன்னு தீர்ப்பு வந்து, அமெரிக்கா 750 கோடி டாலர் சரக்குக்கும் ஐரோப்பா 400 கோடி டாலர் சரக்குக்கும் பழிவாங்கும் வரி போட அனுமதி வாங்கி, 2021ல சண்டைய நிறுத்தி வெச்சாங்க. அதுக்குள்ள பதினேழு வருஷம் ஓடிப் போச்சு.

சீனா கொட்டிக் குடுக்குது, நாம மட்டும் கணக்கு பாத்துக்கிட்டு உக்காந்தா ஆகுமா?

சீனா மின்சாரக் கார் வாங்குறவங்களுக்கு 2022 கடைசி வரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல மானியம் குடுத்துச்சு, சோலார் பேனல் தயாரிப்போட ஒவ்வொரு கட்டத்துலயும் உலக அளவுல 80 சதவீதத்துக்கு மேல இன்னிக்கு அவங்க கையில. ஆனா அங்க கம்பெனிகள காப்பாத்திக்கிட்டே இருக்கலன்னும் பாக்கணும், ஒரு காலத்துல சோலார்ல பெரிய பேரா இருந்த சன்டெக்கோட முக்கிய கம்பெனி 2013ல திவால் ஆச்சு. உள்ளயே வெட்டுக்குத்துப் போட்டி, அதுல மிஞ்சுனவங்கதான் உலகத்துக்கு விக்கிறாங்க.

பணத்த மட்டும் காப்பி அடிச்சா என்னாகும்னு ஜெர்மனில பாக்கலாம். மாக்டபர்க்ல இன்டெல் ஃபேக்டரிக்கு 990 கோடி யூரோ உதவி பேசி முடிச்சாங்க, 2025 ஜூலைல கம்பெனி திட்டத்தையே கைவிட்டுச்சு. கட்டுமானம் தொடங்காததால அந்தப் பணம் போகல. நார்த்வோல்ட் பேட்டரி கம்பெனிக்கு சுமார் 60 கோடி யூரோ முன்னாடியே அரசு வங்கி வழியா போயிடுச்சு, 2025 மார்ச்ல ஸ்வீடன்ல அந்த கம்பெனி திவால் மனு போட்டுச்சு. அடுத்தவன் குடுக்குறான்ங்கறது நாமளும் கணக்கில்லாம குடுக்கறதுக்கு காரணம் ஆகாது.

சலுகைய எல்லாம் வாங்கிக்கிட்டு காலம் முடிஞ்சதும் மூட்டை கட்டிட்டா என்ன பண்றது?

நோக்கியா 2008ல ஜெர்மனியோட போஹும் நகரத்து ஃபேக்டரிய மூடி ருமேனியாவுல க்ளுஜ் பக்கத்துக்கு மாத்துச்சு. சுமார் 2,300 பேர் வேலை போச்சு, ஃபேக்டரி லாபத்துல ஓடிக்கிட்டிருந்ததால கோபம் பயங்கரமா இருந்துச்சு, மந்திரிங்களே நோக்கியா போன வேண்டாம்னு சொன்னாங்க. மாநில அரசு மானியத்த திருப்பிக் கேட்டுச்சு, வாதம் என்னன்னா இத்தன பேர வெச்சிருப்பேன்னு எழுதிக் குடுத்த எண்ணிக்கை ஒப்பந்த காலத்துலயே இல்லங்கறது. கடைசில பேச்சுவார்த்தை நடந்து, போஹும் வட்டாரத்துல புது வேலை உருவாக்க ஒரு நிதிக்கு நோக்கியா பணம் குடுத்துச்சு. எண்ணிக்கை எழுத்துல இருந்ததாலதான் அந்தப் பேச்சே நடந்துச்சு.

அதனால கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது: வேலை எண்ணிக்கைய எத்தன வருஷம் காப்பாத்தணும், அந்தக் காலம் சலுகை காலத்த விட நீளமா இருக்கா, தவறுனா வட்டியோட திருப்பி வாங்க உரிமை இருக்கா, நடுவுல யாரு போய் எண்ணிப் பாப்பாங்க, அந்த எண்ணிக்கை வருஷா வருஷம் வெளிய வருமா. அமெரிக்க சிப்ஸ் சட்டத்துல மானியம் வாங்குனவங்க பத்து வருஷத்துக்கு சீனாவுல பெருசா விரிவாக்கக் கூடாது, அந்தப் பணத்த வெச்சு சொந்தப் பங்க திரும்ப வாங்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்க, எழுத முடியும்ங்கறதுக்கு அது அத்தாட்சி. வர்த்தக ரகசியம்னு சொல்லி மறைச்சா விடாதீங்க, மெஷின் டிசைன் ரகசியமா இருக்கலாம், பொதுப்பணம் எவ்ளோ, வேலை எத்தன, கெடு எப்பங்கறது ரகசியம் ஆகாது. போஹும்லேர்ந்து மாறுன அந்த ருமேனியா ஃபேக்டரிய நோக்கியா 2011லயே மூடறதா அறிவிச்சுடுச்சு, வேலை அடுத்து ஆசியாவுக்கு போச்சு.